பச்சை வளையம் கேட்காத வாதம்

பாறுமலையில் குருவுக்கு, சீடருடைய மகள் வயதுதான் இருக்கும்.

குருவின் பெயர் தேவானை. கால்நடை மருத்துவம் படித்தவர். அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். செங்குத்துப் பாறைகளுக்கு எதிரே, மலைச்சரிவில், பெரிய கம்பிவலைக் கூண்டுகளில் அவர் பாறு கழுகுகளை வளர்த்தார். வளர்த்து, மலைக்கே திருப்பிக் கொடுப்பது அவருடைய வேலை.

ஒரு காலத்தில் அந்தப் பாறைகள் முழுக்கப் பாறுகள்தான். செத்த மாட்டை ஒரு பொழுதுக்குள் வெறும் எலும்பாக்கிவிட்டுப் போகும். மலை நாறாது. பிறகு, மாடுகளின் வலிக்கு ஒரு ஊசி வந்தது. ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற பாறுகளும் செத்தன. மாட்டுக்கு வலி தீர்ந்தது. வானம் காலியானது.

சீடரின் பெயர் ஜெயக்கொடி. வக்கீல். அந்த ஊசிக்கு எதிராக வழக்குப் போட்டு, தலை நரைக்கும்வரை வாதாடி, ஜெயித்தவர். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றுமே இல்லை.

கறுப்புக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார் குரு.

"காகிதத்துல ஜெயிச்சாச்சு. இனி வானத்துல ஜெயிக்கணும். எனக்கு ஏதாவது வேலை குடுங்க."

"என்ன தெரியும் உங்களுக்கு?"

"வாதாடத் தெரியும்."

"அடடா," என்றார் குரு. "இங்கே அது ஒண்ணுதான் கூடாது."

கூண்டுகளுக்குப் போகும் பாதையில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் நட்டிருந்தது. அந்தக் கல்லைத் தாண்டினால் யாரும் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தால்கூடத் திரும்பி ஓடிவந்து, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று இருமிவிட்டுப் போக வேண்டும். சடையன் அதற்கு ஊமைக்கல் என்று பெயர் வைத்திருந்தார்.

சடையன் மலையடிவாரத்துக்காரர். ஊர் ஊராகப் போய், எந்த மாடு எப்படிச் செத்தது என்று துருவித் துருவி விசாரித்து, ஊசி போடாத மாடு என்று உறுதியானால் மட்டும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வருபவர்.

"வக்கீலம்மா, உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அந்தக் கல்லு," என்றார் முதல் நாளே.

"யோவ், நீ பேசற பேச்சுக்கு அங்கே ஒரு மலையையே நட்டிருக்கணும்," என்றார் ஜெயக்கொடி.

கல்லுக்குக் காரணம் இருந்தது. கூண்டில் பொரிக்கும் குஞ்சு, மனிதக் குரலைக் கேட்டு வளர்ந்தால் மனிதர்களைத் தன் இனம் என்று நம்பிவிடும். பெரிதாகி வெளியே விட்டால் பாறைக்குப் போகாது. தெருவுக்கு வரும். தெருவில் இருப்பவர்கள் அதைத் தங்கள் இனம் என்று நினைக்க மாட்டார்கள்.

அதனால் குஞ்சுக்கு யார் இரை கொடுக்கிறார்கள் என்று குஞ்சுக்கே தெரியாது. நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரு துளை. பாறு கழுகின் தலையும் நீண்ட மொட்டைக் கழுத்துமாகத் தைத்த உறையைக் கையில் மாட்டி, துளை வழியே நீட்டி, அலகால் ஊட்டுவதுபோல் ஊட்ட வேண்டும். பெயர் வைக்கக் கூடாது. காலில் போட்ட வளையத்தின் நிறம்தான் பெயர்.

ஜெயக்கொடியால் இதைப் பொறுக்க முடியவில்லை. ஊமைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்ததும் கேட்டார்.

"டீச்சர், நான் ராப்பகலா கண்ணு முழிச்சு வளர்க்கறேன். வளர்த்தது யாருன்னு அதுக்குத் தெரியவே கூடாதுன்னா, இது என்ன நியாயம்?"

குரு கையுறைகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியலையே," என்றார்.

"தெரியலைன்னா? குருன்னா பதில் சொல்லணும்."

"உங்களைச் சீடரா வாங்கன்னு நான் கூப்பிடலையே. நீங்களாத்தானே பஸ் ஏறி வந்தீங்க?"

சடையன் டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்தார்.

பச்சை வளையம் பொரிக்கும்போதே சோனிக் குஞ்சு. மற்றவை உறையின் அலகைப் பார்த்ததும் வாயைப் பிளந்தன. இது தலையைக் கூடத் தூக்கவில்லை. குரு மருந்து கொடுத்துப் பார்த்தார். சூடு கூட்டிப் பார்த்தார். பிறகு வேறொரு கூண்டைப் பார்க்கப் போனார். சுவருக்குப் பின்னால் ஜெயக்கொடி மட்டும் இருந்தார். கையில் உறை, அலகில் ஈரல் துண்டு. துளைக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி அளவு உயிர், தரையில் அலகை ஊன்றிக் கிடந்தது.

எத்தனையோ நீதிபதிகளை எழுப்பிய வாய் அது. சும்மா இருக்கவில்லை.

"கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு," என்று முணுமுணுத்தார். வேறு எதுவும் அந்த நேரத்தில் அவர் வாயில் வரவில்லை. "இந்த மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..."

குஞ்சு தலையைத் தூக்கியது. வாயைத் திறந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும், உதடு அசைவது தெரியாத அளவுக்கு, அந்த வழக்கு முழுவதையும் அவர் துளை வழியே சொன்னார். எதிர்த்தரப்பு சொன்னது, தான் மடக்கியது, மருந்துக் கம்பெனி வக்கீல் தண்ணீர் குடித்தது எல்லாம். குஞ்சு தின்றது. பெருத்தது. சிறகு முளைத்தது.

குருவிடம் அவர் இதைச் சொல்லவில்லை. முணுமுணுப்பது பேச்சாகாது என்று தனக்குத்தானே வாதாடி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

குஞ்சுகள் வளர்ந்ததும் பெரிய கூண்டுக்கு மாற்றினார்கள். அங்கே சிறகொடிந்த கிழட்டுப் பாறு ஒன்று இருந்தது. காட்டிலேயே பிறந்தது, இனிப் பறக்க முடியாதது. இரையைச் சுற்றி எப்படி நிற்பது, எவனுக்கு வழிவிடுவது, எவனைக் கொத்துவது என்பதையெல்லாம் இளசுகளுக்கு அதுதான் கற்றுக்கொடுத்தது. இறக்கையால் அடித்துத்தான் கற்றுக்கொடுத்தது.

ஒரு நாள் ஊமைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஜெயக்கொடிக்கும் சடையனுக்கும் சண்டை.

"என் மச்சினன் வீட்டுக்காரங்க கேக்கறாங்க வக்கீலம்மா. பாறு நிழலு கூரை மேல விழுந்தா ஆகாதாமே, அதைப் போய் வளர்க்கறீங்களேங்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"ஆகாதா? எது ஆகாது? செத்ததைத் தின்னா அசிங்கம். உசுரோட இருக்கறதை வெட்டித் தின்னா விருந்தா? உன் மச்சினன் ஆடு வெட்டறப்போ அந்த ஆட்டுக்கு மேல விழுந்த நிழலு யாரோடது? கேட்டுட்டு வா!"

"என்னை ஏன் திட்டறீங்க? நான் என்ன அவன் வக்கீலா?"

"வக்காலத்து வாங்கிட்டு வந்தது நீதானேய்யா!"

காற்று திரும்பியது. ஜெயக்கொடியின் குரலைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியது.

பெரிய கூண்டில், இரையருகே நின்ற பச்சை வளையம் திரும்பியது. இரையை விட்டது. தத்தித் தத்தி ஓடிவந்து வலையில் மார்பை முட்டியது. அவ்வளவு பெரிய பறவை, குஞ்சுபோல் சிறகை நடுக்கிக்கொண்டு, குரல் வந்த திசையைப் பார்த்து வாயைப் பிளந்தது.

கூண்டுக்குப் பக்கத்தில் குரு நின்றுகொண்டிருந்தார்.

அவர் மெதுவாக நடந்து ஊமைக்கல்லைத் தாண்டி வந்தார். ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்தார். முகத்திலேயே எல்லாம் இருந்தது.

"பச்சை வளையம் வெளியே போகாது," என்றார்.

சடையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஒரு நிமிஷம் டீச்சர்," என்றார் ஜெயக்கொடி. "நான் பேசலைன்னா அது அன்னிக்கே செத்திருக்கும்."

"இருக்கலாம்."

"அப்புறம் என் தப்பு என்ன?"

"தப்புன்னு நான் சொல்லலையே. வெளியே போகாதுன்னுதான் சொன்னேன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"பாறு நல்லா இருந்தா முப்பது வருஷம்கூட இருக்கும்."

"கூண்டுலயா?"

"வெளியே விட்டா முதல் சந்தைக்கே போய் இறங்கும், வக்கீலம்மா," என்றார் குரு. "யாராவது சத்தமாப் பேசினாப் போதும், வாயைத் திறந்துக்கிட்டுப் போகும். அந்த வாயில என்ன விழும்னு உங்களுக்குத் தெரியும்."

"பேசினது நான். கூண்டு அதுக்கா? எந்தச் சட்டத்துல இருக்கு இது? எந்த ஊரு நியாயம்? அதை உள்ள வெச்சா என்னையும் உள்ள வெச்சுப் பூட்டுங்க!"

"பூட்டினா இன்னும் பேசுவீங்க."

ஜெயக்கொடிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மற்ற பாறுகள் மேலே சுற்றும்போது கீழே கூண்டில் ஒன்று மட்டும் யாராவது பேச மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கும். அதை நினைத்து நினைத்துப் பார்த்தார். எப்படி வாதாடினாலும் கதவைத் திறக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் குரு அவரை அழைத்தார்.

"இன்னியிலிருந்து உங்க வேலையை மாத்தறேன். ஊமைக்கல்லைத் தாண்டிப் போங்க. பச்சை வளையத்தை, மத்ததுக்குக் கேக்காத தூரத்துல, தனிக் கூண்டுல விட்டிருக்கேன். முன்னாடி நல்லாத் தெரியற மாதிரி நில்லுங்க. பேசுங்க."

ஜெயக்கொடிக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "பேசணுமா?"

"நிறையப் பேசணும். கையில இரை இருக்கக் கூடாது. இரை வேற நேரத்துல, யாரும் பேசாதப்போ, அந்தப் பக்கமா விழும்."

"ஏன்? கல்லை எடுத்து எறிஞ்சா ஒரே நாள்ல முடிஞ்சுடுமே. பயந்துடுமே. மனசைக் கல்லாக்கிக்கிட்டு எறியறேன்."

"வேண்டாம்," என்றார் குரு. "பயந்தா உங்களையே நினைச்சுக்கிட்டிருக்கும். சலிச்சாப் போதும்."

ஜெயக்கொடி போனார். கூண்டின் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு!"

பச்சை வளையம் பாய்ந்து வந்தது. வலைக்கண் வழியே அலகை நீட்டி வாயைத் திறந்தது. ஜெயக்கொடி பேசினார். திறந்த வாய் மூடவில்லை. தொண்டைக்குள் இளஞ்சிவப்பாக நாக்கு துடிப்பது தெரிந்தது. அவர் மனுவின் இரண்டாவது பத்திக்குப் போனார். வாய் திறந்தே இருந்தது. மூன்றாவது பத்தியில் அவருக்கே குரல் உடைந்தது. பேச்சை நிறுத்தாமல், அழுதுகொண்டே வாதாடினார்.

திரும்பி வந்து ஊமைக்கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதைவிடக் கல்லெறியறது சுலபம் டீச்சர்."

"ஆமா," என்றார் குரு. "அதனாலதான் எல்லாரும் கல்லையே எடுக்கறாங்க."

நாட்கள் போயின. பச்சை வளையம் ஓடிவந்தது. பிறகு நடந்துவந்தது. பிறகு வராமல், இருந்த இடத்திலிருந்தே கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. கேட்பதுபோலாவது இருந்தது. ஒரு நாள், மருந்துக் கம்பெனி வக்கீலை ஜெயக்கொடி மடக்கிய அந்தப் பிரமாதமான இடத்தில், அது சிறகைக் கோதத் தொடங்கியது.

இன்னொரு நாள் முதுகைக் காட்டித் திரும்பி, வாலைத் தூக்கி, சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு கோடு பீச்சியது.

தூரத்தில் நின்ற சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊமைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஓடிவந்தார்.

"எதிர்த்தரப்பு பதில் மனு போட்டுடுச்சு வக்கீலம்மா!"

"சிரிக்காதே. எத்தனை கோர்ட்டுல பேசியிருக்கேன் நான்! ஒரு நீதிபதி என்கிட்ட இப்படி நடந்திருப்பாரா?"

"அவருக்கு வாலு இல்லையே."

சிரித்தார்கள். ஆனால் ஜெயக்கொடிக்கு உள்ளுக்குள் ஏதோ குத்தியது. அது ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறார். அது கேட்காமல் போவதுதான் ஜெயம். இருந்தும், கேட்காத முதுகைப் பார்த்துப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. மறுநாள் இன்னும் நன்றாகப் பேசினார். அதற்கடுத்த நாள் புதிய வாதம் ஒன்றைச் சேர்த்தார். கையை வீசினார். பச்சை வளையம் கொட்டாவி விட்டது.

அப்போதுதான் அதைச் செய்தார். ஏன் செய்தோம் என்று அவருக்கே தெரியாது. வலைக்கு அருகே போய், குரலைத் தாழ்த்தி, பழைய முணுமுணுப்பில், சுவருக்குப் பின்னால் இருந்து பேசிய அதே தொனியில் சொன்னார்.

"இந்த மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..."

பச்சை வளையம் சடாரென்று திரும்பியது. ஓடிவந்தது. வாயைப் பிளந்தது.

ஜெயக்கொடியின் முகம் மலர்ந்தது. உடனே அந்த முகம் இருண்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். குரு பின்னால் நின்றிருந்தார்.

இருவரும் ஊமைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தார்கள்.

"கெடுத்துட்டேன்," என்றார் ஜெயக்கொடி. "இத்தனை நாள் செஞ்சதையும் ஒரே மூச்சுல கெடுத்துட்டேன். திட்டுங்க டீச்சர். உங்க இடத்துல இருந்தா நான் திட்டியிருப்பேன்."

குரு செருப்பில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கினார்.

"நாளையிலிருந்து மெதுவாவும் பேசுங்க," என்றார். "அதுவும் சலிக்கணும்ல."

மறுநாள் முதல் ஜெயக்கொடி சத்தமாகவும் பேசினார், மெதுவாகவும் பேசினார். கொஞ்சியும் பேசினார், கோபமாகவும் பேசினார். பாட்டாகப் பாடினார். வழக்கு தீர்ந்துபோனதால் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். ஊரிலிருக்கும் மகள் போன் செய்வதில்லை என்பதைப் பேசினார். தினமும் பேசினார். பச்சை வளையத்துக்கு எல்லாம் காற்றுச் சத்தம்போல் ஆகிக்கொண்டு வந்தது. ஒரு காலை, அவர் பேசத் தொடங்கியதும் அது கண்ணை மூடியது.

பச்சை வளையத்தைப் பெரிய கூண்டில் மற்றவற்றோடு மறுபடி சேர்த்தார்கள். கிழட்டுப் பாறு ஓங்கி ஓர் அடி கொடுத்து வரவேற்றது.

கூண்டைத் திறக்கும் நாள் வந்தது.

அதற்கு மேடையோ மைக்கோ நாடாவோ இல்லை. கூண்டின் முன்பக்க வலையை ஒரு கயிறு பிடித்திருந்தது. கயிறு சரிவில் ஓடி, தூரத்தில் கல்லடுக்கிக் கட்டிய மறைவுக்குள் போனது. அங்கிருந்து அவிழ்த்தால் வலை மெதுவாகச் சாய்ந்து தரையில் படியும். மறுபடி இழுத்தால் மூடிக்கொள்ளும். கூண்டுக்கு வெளியே, தட்டைப் பாறையில், சடையன் கொண்டுவந்த மாடு கிடந்தது. அடுத்த மலையில் தப்பிப் பிழைத்த காட்டுப் பாறுகள் சில, அதை மோப்பமில்லாமல் கண்ணாலேயே கண்டுபிடித்து வரும் என்று குரு நம்பினார்.

எதிர்ச்சரிவில் ஊர் ஜனம் உட்கார்ந்திருந்தது. வாய் திறக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். சடையனின் மச்சினன் குடும்பமும் வந்திருந்தது.

குரு ஜெயக்கொடியைப் பக்கத்தில் இழுத்தார். காதோடு சொன்னார்.

"நீங்க மறைவுக்கு வர வேண்டாம். சுவருக்குப் பின்னாடி போங்க. பழைய துளையிருக்கில்ல, பெரிய கூண்டை ஒட்டின அந்தச் சுவரு. அங்கே நின்னு பேசுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். கதவு திறந்திருக்கும். வெளியே இரை இருக்கும். மத்ததெல்லாம் போகும். பச்சை வளையம் வாசல்ல நிக்கறப்போ உங்க குரல் கேக்கணும்."

"திரும்பினா?"

"கயிறை இழுத்துடுவேன்."

ஜெயக்கொடி சுவர் இருந்த பக்கம் பார்த்தார்.

"சும்மா ஒப்புக்கு ரெண்டு வார்த்தை முனகினாப் போதுமா?"

"போதாது. உங்களால முடிஞ்ச அளவுக்கு நல்லாப் பேசணும். அது முதமுதல்ல வாயைத் திறந்துச்சே, அன்னிக்குப் பேசின மாதிரி. நான் வந்து தோளைத் தொடறவரைக்கும் நிறுத்தக் கூடாது."

சுவருக்குப் பின்னால் இருந்து எதுவும் தெரியாது. ஜெயக்கொடி துளையில் வாயை வைத்துக்கொண்டு நின்றார். வலை சாயும் கிரீச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. பிறகு வானத்திலிருந்து, துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் இறங்கியது. காட்டுப் பாறுகள் வந்துவிட்டன. கூண்டுக்குள் நகங்கள் கீறும் ஒலி. ஒன்று போனது. இன்னொன்று போனது. கிழட்டுப் பாறு கரகரத்தது.

வாசல் பலகையில் ஒரு கனமான காலடி ஏறியது. அது எந்தக் காலடி என்று அவருக்குத் தெரியும்.

"கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு," என்றார் மெதுவாக.

காலடிச் சத்தம் நின்றது.

ஒப்புக்கு முனகிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் ஏமாற்றவில்லை. குரலைக் கெடுக்கவில்லை, சொல்லை விழுங்கவில்லை. அந்தக் கைப்பிடி உயிரை எழுப்பிய அதே முணுமுணுப்பில், அதே பாசத்தில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஒரு பறவைக்கு மலை சொந்தம் என்றார். அந்தச் சொந்தத்துக்குப் பத்திரம் கேட்கக் கூடாது என்றார். அழுக்கைத் தின்று நம்மைச் சுத்தமாக வைத்திருந்தவர்களை அழுக்கு என்று சொன்னது நாம் என்றார். எந்தக் கோர்ட்டிலும் அவருக்கு வராத சொற்கள் வந்தன. எந்த நீதிபதியும் திரும்பிப் பார்த்திருப்பார். பார்த்துவிடாதே, பார்த்துவிடாதே என்று மனம் அலற, வாய் அழகாகப் பேசிக்கொண்டே போனது.

ஈரத் துணியை உதறியதுபோல் ஒரு சத்தம்.

உள்ளே வந்ததா, வெளியே போனதா, தெரியவில்லை. பேசினார். வேர்வை கண்ணில் இறங்கியது. பேசினார்.

தோளில் கை விழுந்தது.

குருவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாங்க என்று சைகை காட்டினார். குனிந்தபடி இருவரும் கல்மறைவுக்குப் போனார்கள். சடையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, சத்தமில்லாமல் குதித்துக்கொண்டிருந்தார்.

ஜெயக்கொடி கல்லிடுக்கில் கண்ணை வைத்தார்.

கூண்டில் கிழட்டுப் பாறு மட்டும் இருந்தது. பாறையில், மாட்டைச் சுற்றி ஒரே அமளி. நடுவில் பச்சை வளையம். ஒரு காட்டுப் பாறு அதை மார்பால் இடித்தது. அது பின்வாங்கியது. பிறகு கழுத்தைத் தாழ்த்தி, சிறகை விரித்து, திருப்பி ஓர் இடி இடித்தது. இடம் கிடைத்தது. தலையை உள்ளே விட்டது.

"வாசல்ல நின்னப்போ கழுத்தை இப்படிச் சாய்ச்சுச்சு வக்கீலம்மா," என்று சடையன் மூச்சுக்குரலில் சொன்னார். "எனக்கு உசுரே போயிடுச்சு. டீச்சர் கயிறை இறுக்கிட்டாங்க. பார்த்தா, காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிஞ்சுக்குது! சொறிஞ்சு முடிச்சுட்டு அது பாட்டுக்கு இறங்கிப் போயிடுச்சு."

பாறைகள் சுட ஆரம்பித்தன. பள்ளத்திலிருந்து வெக்கைக் காற்று எழும்பியது. காட்டுப் பாறுகள் ஒவ்வொன்றாக விளிம்புக்கு ஓடி, விழுந்து, மேலே வந்தன. கூண்டுப் பாறுகள் பார்த்தன. அவற்றிலும் ஒன்று ஓடியது. இன்னொன்று. பச்சை வளையம் வயிறு கனக்கத் தள்ளாடிக்கொண்டு விளிம்புக்குப் போனது. கீழே பார்த்தது. அவ்வளவு ஆழத்தை அது அதற்கு முன் பார்த்ததில்லை.

விழுந்தது.

எதிர்ச்சரிவில் ஒரு குழந்தை மட்டும் "ஐயோ" என்றது.

பள்ளத்திலிருந்து அகலமான இரண்டு சிறகுகள் எழுந்து வந்தன. அவை அடித்துக்கொள்ளவில்லை. விரிந்தபடியே இருந்தன. காற்று தூக்கியது. ஒரு சுற்று. பெரிய சுற்று. கூண்டின் மேல் ஒரு சுற்று, ஊமைக்கல்லின் மேல் ஒரு சுற்று. நிழல் சரிவில் ஓடி, உட்கார்ந்திருந்த ஜனங்களின் தலைகளைத் தொட்டுக்கொண்டு போனது.

சடையனின் மச்சினன் மனைவிதான் முதலில் எழுந்தாள். நிழல் மேலே விழுந்த இடத்திலேயே நின்று, வாயருகே கையை வைத்து, குலவை போட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எதிர்ச்சரிவு முழுவதும் குலவை. குரு தடுக்கவில்லை. அத்தனை மனிதக் குரல்களும் மலையில் மோதித் திரும்பின. மேலே ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை.

ஜெயக்கொடி மறைவை விட்டு வெளியே ஓடினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டவெளியில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார். சொற்களாக எதுவும் வரவில்லை. பச்சை வளையம் பாறை முகட்டைத் தாண்டியது. அதற்கு மேலும் ஏறியது. மற்றவற்றோடு ஒன்றாகி, எது எதுவென்று தெரியாத புள்ளியானது.

நெடுநேரம் கழித்து, மூச்சிரைக்கக் குருவிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"டீச்சர், வாழ்க்கையில நான் பேசினதுலயே உச்சம், அந்தச் சுவருக்குப் பின்னாடி பேசினதுதான். இனி என்னால அப்படிப் பேச முடியாது. அது ஒரு வார்த்தைகூடக் கேக்கலை. திரும்பிக்கூடப் பார்க்கலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்களாவது கேட்டீங்களா?"

குரு வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லை, வக்கீலம்மா," என்றார். "அது போறதைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."